படுவான்கரைக்கு ஓர் எக்சில்

ரயரின் உச்சியில் சோக்கட்டியால் ஒரு கோடு. புறொப் சாஃப்ட் பூட்டும் விளிம்பில் இன்னொரு கோடு. எக்சிலின் ஒரு பக்கச் சில்லைப் பொடியன் ஒருவன் கட்டிப்பிடித்துக்கொண்டு குந்தியிருக்க, மறுபக்கச் சில்லை நானா கையால் உருட்டினார்.

"எண்ணுங்க தம்பி."

சில்லு சரியாக இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. அதற்குள் விளிம்பின் கோடு நாலு தடவை என்னைக் கடந்து, ஐந்தாவதில் பாதியைக் கொஞ்சம் தாண்டி நின்றது.

"நாலரைக்கு மேல வந்திட்டா? இது 41 பல்லுக்கு 9. இப்ப பின்னுக்கு வாங்க."

ஜாக்கில் ஏற்றியிருந்த டபுள் கேப்பின் பின் சில்லிலும் அதே வேலை. அங்கே கோடு நாலைத் தாண்டி, கால் சுற்றுக்குச் சற்று மேலே போய் ஓய்ந்துவிட்டது. 43-க்கு 10.

இரண்டையும் ஒரே வண்டியில் பூட்டினால் என்ன ஆகும் என்று நானா விரல்விட்டுச் சொன்னார். பின் சில்லு 100 சுற்றும் நேரத்தில் முன் சில்லு 94 சுற்றத்தான் பார்க்கும். சேற்றுக்குள் என்றால் அந்த ஆறு சுற்றும் வழுக்கலில் போய்விடும். தார் றோட்டில் வழுக்க இடம் ஏது? நாலு சில்லு இழுவையைப் போட்டுக்கொண்டு ஓடினால், கியர்ப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ட்ரான்ஸ்ஃபர் பெட்டிதான் அந்த வித்தியாசத்தை மென்று விழுங்க வேண்டும். எவ்வளவு நாளைக்கு விழுங்கும்?

"இந்த எக்சிலத்தான் பஞ்சிகாவத்தையில இருந்து முதல்ல கொண்டு வந்தாங்க. பார்க்க நல்ல எக்சில்தான். எண்ணிப் பார்க்காம வாங்கினதுதான் பிழை." சொல்லிவிட்டு என் பக்கத்தில் நின்ற மச்சானைப் பார்த்தார். மச்சான் வாவியைப் பார்த்தான்.

மச்சான் என்று நான் எழுதுவது உறவுமுறையால் அல்ல. வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், ஒரே அறையில் நாலு வருடம் கிடந்த பாத்தியதை. படித்து முடித்து நான் யாழ்ப்பாணம் திரும்பினேன். அவன் கல்லடியில் வீடும் படுவான்கரையில் வயலுமாக இங்கேயே தங்கிவிட்டான். 'வண்டிக்கு முன் எக்சில் மாத்திப்போட்டன், வந்து பார்' என்று தை மாதம் முழுக்க ஃபோன். மாசியில் அறுவடை தொடங்கியதும் பஸ் ஏறினேன்.

எனக்கும் அதில் ஒரு காரியம் இருந்தது. என்னிடம் ஒரு பழைய ஜீப் இருக்கிறது. எந்தக் கொம்பனி என்று சொல்லமாட்டேன். அதே வண்டி வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். முன் பக்கம் டார்ஷன் பார் வைத்தது; முறுக்குண்டு நிற்கும் கம்பிதான் அதில் ஸ்பிறிங். உயரமாக நிற்கட்டும் என்று எங்கள் ஊர்க் கராஜ் ஒன்றில் அந்தக் கம்பியை முறுக்கி இரண்டு அங்குலம் தூக்கிவைத்தேன். வண்டி வளர்ந்தது. சில்லுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சீவி ஜொயின்ட் வளரவில்லை; அது அளவுக்கு மிஞ்சி மடங்கி நின்றபடியே சுழன்றது. ரப்பர் பூட் கிழிந்தது, கிரீஸ் வெளியே வந்தது, மண் உள்ளே போனது. போன வருடம் கிரானில் இருந்து புலிபாய்ந்தகல் வழியாகக் குடும்பிமலைப் பக்கம் போனபோது, வளைவில் திருப்பும் ஒவ்வொரு தடவையும் டக் டக் என்று கேட்டது. பிறகு ஒரே ஒரு பெரிய 'டக்'. அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை. ட்ராக்டரின் பின்னால் கயிற்றில் கட்டுண்டு கிரானுக்குத் திரும்பினேன். ட்ராக்டர்க்காரர் காசு வாங்கவில்லை, சிரித்ததோடு சரி. காசு வாங்கியிருக்கலாம்.

அன்றிலிருந்து என் மனதிலும் முழு எக்சில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நானாவின் கராஜ் காத்தான்குடியைத் தாண்டி ஆரையம்பதிக்குப் போகிற வழியில், வாவிக்கு முதுகைக் காட்டியபடி நிற்கிறது. மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளம், 141 சதுரக் கிலோமீற்றர் பரப்பு. சூரியன் எழும் கிழக்குக் கரை எழுவான்கரை, சூரியன் படும் மேற்குக் கரை படுவான்கரை. இப்படிப் பெயர் வைத்தவர்களுக்குத் திசைகாட்டி தேவைப்பட்டிருக்காது. எழுவான்கரை கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நாடா. ஊரும் கடையும் பள்ளிக்கூடமும் அதில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. படுவான்கரை வயலும் குளமும் மாட்டுப்பட்டியுமாக விரிந்து, மேற்கே காட்டில் போய் முடிகிறது. எழுவான்கரைக்காரனுக்கு வண்டி என்றால் தார் றோட்டு. படுவான்கரைக்காரன் ஒரு வண்டியைப் பார்த்ததும் முதலில் குனிந்து அதன் வயிற்றைப் பார்ப்பான்.

நானாவின் வாப்பா மாட்டு வண்டில் சில்லுகளுக்கு இரும்புப் பட்டை போட்டவர். பட்டையை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, மரச் சில்லில் ஏற்றி, தண்ணீர் ஊற்றி இறுக்குவார். "வண்டிலுக்கு ஒரு அச்சு, ரெண்டு சில்லு. ஒரு சில்லு வரம்பில ஏறினா அச்சு சரியும், மற்றச் சில்லு பள்ளத்தில அழுந்தும். இந்த எக்சிலும் அதான். வாப்பா மரத்தில செஞ்சார், நான் இரும்பில செய்யிறன்" என்றார். முழு எக்சிலுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கும் வாசித்ததில்லை. ஒரு சில்லு மேலே போனால் அதே அச்சின் மறு நுனி கீழே அமர்த்தப்படுகிறது. அதனால் மேடு பள்ளத்தில் நாலு ரயரும் மண்ணை விடாமல் பிடிக்கின்றன.

மற்ற வகையைத் 'தனித்தனித் தொங்கல்' என்று பாடப்புத்தகத் தமிழில் எழுதினால் இந்தக் கராஜில் யாருக்கும் விளங்காது. இங்கே அதற்குப் பெயர் 'கை வச்ச முன்பக்கம்'. ஒவ்வொரு சில்லுக்கும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை. நுனிகளில் போல் ஜொயின்ட். நடுவே சேஸியில் தொங்கும் டிஃப்பில் இருந்து இரண்டு பக்கமும் சிறு சாஃப்ட்டுகள், அவற்றின் இரு முனையிலும் ரப்பர் பூட் போட்ட சீவி ஜொயின்ட். ஒரு சில்லு குழியில் விழுந்தால் மற்றதுக்குத் தெரியாது. தார் றோட்டில் இதைப் போல் சுகம் வேறில்லை; எந்தக் கொம்பனிக்காரனும் வாங்குபவனை முதலில் தார் றோட்டில்தான் ஓட்டிக் காட்டுகிறான். சேறும் உப்புத்தண்ணியும் மாறி மாறி வரும் இடத்தில் மூட்டுகள் எத்தனையோ அத்தனை வாசல், மண் உள்ளே போக.

மச்சானின் டபுள் கேப் 1990-களின் கடைசியில் வந்த ஹைலக்ஸ், முன்னுக்குக் கைகளும் டார்ஷன் பாரும் வைத்தது. அதற்கு முந்திய தலைமுறை ஹைலக்ஸ் பல நாடுகளில் வில்லுப்பட்டை வைத்த முழு எக்சிலோடுதான் ஓடியது. ஆகவே நானா செய்தது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. தம்பியின் வண்டிக்கு அண்ணனின் காலைப் பூட்டியிருக்கிறார். இந்த இரண்டாவது எக்சிலும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் எடுத்தது. அரிசி ஏற்றிப்போய் வெறுமனே திரும்பிய லொறியில் மட்டக்களப்பு வந்து சேர்ந்தது. இவ்வளவு பாடு ஏன், இரண்டாம் கையாக நல்ல வண்டியொன்று வாங்கக்கூடாதா என்று கேட்டேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் இந்த நாட்டில் பழைய வண்டிக்கு வந்த மரியாதை பழைய மனிதருக்கு வந்ததில்லை. இருப்பதை வெட்டி ஒட்டி வைத்துக்கொள்வதே கெட்டித்தனம் என்றாகிவிட்டது. காசுக் கணக்கை மச்சான் சொல்லவில்லை. அவன் மனைவியும் அந்த நேரம் பக்கத்தில் நின்றாள்.

வேலை எப்படி நடந்தது என்று நானா சொன்னதைத் திருப்பிச் சொல்கிறேன். முதலில் கைகள், டார்ஷன் பார், டிஃப் எல்லாம் கழன்று வெளியே வரும். பிறகு அவற்றைத் தாங்கிய குறுக்குச் சட்டத்தைக் கிரைண்டரால் அறுக்க வேண்டும். "கிரைண்டரச் சேஸியில வைக்கிற முதல் நிமிசம் இரிக்கே, அதுக்குப் பிறகு திரும்பிப் போக வழியில்ல. அதனால காலையில சாப்பிட்டிட்டு வரச் சொல்லுவன்" என்றார். அறுத்த இடத்தைச் சீவி, தடித்த தகட்டை வைத்து ஒட்டி, வில்லுப்பட்டையின் முன் நுனிக்குக் கொளுக்கி, பின் நுனிக்கு ஆடும் ஷேக்கில். ஷேக்கிலை ஏன் பின்னுக்கு வைத்தார்? கல்லில் மோதும்போது எக்சில் மேலே எழும்பிக்கொண்டே கொஞ்சம் பின்வாங்க வேண்டும். மோதலோடு எதிர்த்து நிற்காமல் அதனோடு போக வேண்டும். வில்லுப்பட்டையில் இன்னொரு லாபம், ஸ்பிறிங்கும் அதுவே, எக்சிலை இடம் மாறாமல் பிடிக்கும் கையும் அதுவே. உடைந்தால் ஒரு பட்டையை மாற்ற லொறிக் கராஜ் எதுவும் போதும்.

எக்சிலை அடியில் தள்ளி யூ-போல்ட் போட்டு இறுக்க ஒரு நாள். ஸ்டியரிங் நேராக மூன்று மாதம். அதற்குக் காரணம் ஒரு கோணம். சைக்கிளின் முன் ஃபோர்க்கை ஒருதரம் பக்கவாட்டில் பாருங்கள், மேலே பின்னுக்குச் சாய்ந்து நிற்கும். கையை விட்டாலும் சைக்கிள் நேரே ஓடுவதில் அந்தச் சாய்வுக்கும் பங்குண்டு. வண்டியின் முன் சில்லுக்கும் அதே சாய்வு சில பாகை வேண்டும். எக்சிலின் மேல் வில்லுப்பட்டை உட்காரும் மேடையை எந்தச் சரிவில் ஒட்டுகிறோமோ அதுதான் அந்தச் சாய்வைத் தீர்மானிக்கும். முதலில் பொட்டுப்பொட்டாக வெல்டிங் வைத்து, வண்டியின் முழுப் பாரத்தையும் இறக்கி, பட்டை அமர்ந்த பிறகு அளந்து பார்த்துத்தான் முழுதாக ஒட்ட வேண்டும். அந்தரத்தில் நிற்கும் வண்டியில் அளந்தால் பொய்க்கணக்கு வரும். முழுதாக ஒட்டும்போதும் ஒரே இழுப்பில் ஒட்டினால் சூட்டில் எக்சில் குழாய் வளைந்துபோகும். ஒரு அங்குலம் இந்தப் பக்கம், ஒரு அங்குலம் அந்தப் பக்கம், நடுவில் ஒரு தேத்தண்ணி.

இத்தனை பார்த்தும் சாய்வு குறைந்துவிட்டது. முதல் ஓட்டத்தில் கல்லடிப் பாலத்தைத் தாண்டி வேகம் 60-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டு உதறியதாம். மச்சான் அதை நடித்தே காட்டினான். முழு எக்சில் வண்டிகளில் உலகம் முழுக்க உள்ள வியாதி இது. ஒரு சில்லின் ஆட்டம் ஒரே இரும்பு வழியாக மற்றதுக்குப் போய், அது திருப்பி அனுப்ப, நிற்காமல் கூடிக்கொண்டே போகும். பட்டைக்கும் மேடைக்கும் நடுவில் ஆப்பு வடிவத் தகடு வைத்து நானா சாய்வைக் கூட்டினார். கூட்டினால் டிஃப்பின் மூக்கு தாழ்ந்து புறொப் சாஃப்ட் மடங்குகிறது. அதைப் பார்த்தால் இது கெடும், இதைப் பார்த்தால் அது கெடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைப் பிடிக்கத்தான் மூன்று மாதம். ஒரு நல்ல விஷயம், கை வைத்த வண்டியின் ஸ்டியரிங் பெட்டியே இதற்கு வாய்த்தது. அதன் கை பக்கவாட்டில் ஆடும் வகை. அதில் இருந்து ஒரு கம்பியை எக்சிலுக்குக் குறுக்காக எதிர்ப்பக்கச் சில்லைத் திருப்பும் நக்கிளுக்குக் கொண்டுபோனால், பட்டை ஏறி இறங்கும்போது வண்டி தன்பாட்டில் திரும்பாது. பழைய ஹைலக்ஸில் பெட்டியின் கை முன்னும் பின்னும் தள்ளும்; குழியில் விழுந்தால் ஸ்டியரிங்கும் கூடவே அசையும்.

சேஸியில் கைவைத்த வண்டிக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அந்தக் கதையை மச்சான் தொடங்கினான். நான் நிறுத்தினேன். பயணக் கட்டுரையில் ஃபைல் நகர்ந்த கதை வேண்டாம்.

மறுநாள் விடியப் புறப்பட்டோம். மண்முனைப் பாலத்தில் ஏறியபோது வாவியில் வெயில் இன்னும் விழவில்லை. ஜப்பானின் உதவியோடு கட்டி 2014-ல் திறந்த பாலம். அதற்கு முன் இந்தத் துறையில் 'பாதை' ஓடியது. மட்டக்களப்பில் பாதை என்றால் வழி அல்ல; மனிதரையும் சைக்கிளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. 'பாதை போயிட்டு' என்று இங்கே ஒருவர் சொன்னால் யாழ்ப்பாணத்தான் திகைத்து நிற்பான். நான் நின்றிருக்கிறேன். தெற்கே குறுமண்வெளிக்கும் மண்டூருக்கும் நடுவில் இயந்திரம் பூட்டிய பாதையைப் பிற்காலத்திலும் பார்த்திருக்கிறேன். வடக்கே வவுணதீவில் சோதனைச்சாவடி இருந்த காலத்தில் அக்கரை போக வண்டி மட்டும் இருந்தால் போதாது என்பதும் ஞாபகம் வந்தது. மச்சான் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

கொக்கட்டிச்சோலையில் தான்தோன்றீஸ்வரர் கோயில் முன்னால் நிறுத்திக் கும்பிட்டோம். பறங்கியர் காலத்தில் இந்தக் கோயிலின் கல் நந்தி புல் தின்றது என்பது ஊரறிந்த ஐதீகம். அந்தக் கதையை விட எனக்கு அன்று பெரிதாகத் தெரிந்தது தேர் ஓடுகிற மண் வீதி. மரச் சில்லு, குறுக்கே அச்சு, வடம் பிடித்து இழுக்கும் ஊர். ஒரு பக்கச் சில்லு மண்ணில் புதைந்தால் மறு பக்கத்தில் கட்டை கொடுத்து நெம்புவார்கள். நானாவின் கராஜில் ஒரு நாள் இருந்த தோஷம், கண்ட இடமெல்லாம் அச்சாகத் தெரிந்தது.

மகிழடித்தீவைத் தாண்டி வயல்வழியில் இறங்கியதும் மச்சான் ரயர்களின் காற்றை 35-ல் இருந்து 18-க்கு இறக்கினான். அறுவடைக் காலம். வெட்டு மெசினும் ட்ராக்டரும் போய்ப்போய் வழி இரண்டு ஆழமான தடமாகவும் நடுவில் ஒரு முதுகாகவும் கிடந்தது. இங்கேதான் முழு எக்சிலின் குணத்தையும் குற்றத்தையும் ஒன்றாகப் பார்த்தேன். வரம்பு உடைந்த இடத்தில் என் பக்கச் சில்லு முழங்கால் உயரம் ஏறியது. மச்சான் பக்கச் சில்லு பள்ளத்துக்குள் இறங்கி மண்ணைப் பிடித்தது. என் ஜீப் அந்த இடத்தில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நாயைப் போல நின்றிருக்கும். கொஞ்சத் தூரம்தான், அடியில் 'கறக்' என்று ஒரு சத்தம். எக்சிலின் நடுவே தொங்கும் டிஃப்பின் வயிறு, வழியின் முதுகில் உரசியது. கை வைத்த வண்டியில் டிஃப் சேஸியோடு மேலே ஒட்டியிருக்கும்; பாரம் அமுக்கும்போதுதான் தாழும். முழு எக்சிலில் அது எப்போதும் ஒரே உயரம், எப்போதும் சில்லோடுதான். உயரம் வேண்டுமென்றால் பெரிய ரயர் போட வேண்டும், வேறு குறுக்குவழி கிடையாது. மச்சான் ஒரு சில்லைத் தடத்திலும் மற்றதை முதுகிலும் ஏற்றி, சரிந்தபடியே ஓட்டினான். நான் கதவில் ஒட்டிக்கொண்டேன்.

பிறகு தாம்போதி. மழைக்காலத்தில் குளத்தின் வான் பாய்ந்து இதற்கு மேலால் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் போகுமாம். மாசியில் முழங்காலளவுதான். தாம்போதியைத் தாண்டி மறு கரையில் ஏறும் இடம் உளைச் சேறு. மச்சான் நாலு சில்லு இழுவையைப் போட்டான், கியரை இறக்கினான், மிதித்தான். பின் சில்லுகள் இரண்டும் சுழன்று சேற்றை வாரி இறைத்தன. முன் சில்லுகள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தன. அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"ஹப் லொக் போடல்லகா."

பழைய எக்சிலில் முன் சில்லுகளின் நடுவே ஒரு திருகு இருக்கும். றோட்டில் ஓடும்போது அது திறந்து கிடக்கும். சேற்றுக்குள் இறங்கும் முன் ஆள் இறங்கிப் போய்க் கையால் திருப்பிப் பூட்ட வேண்டும். உள்ளிருந்து எந்தப் பொத்தானை அமத்தினாலும் நடக்காது. ஆக, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்க வேண்டியதாயிற்று. நாங்கள் நின்ற இடத்துக்குக் கொஞ்சத் தூரத்தில்தான் முதலைக்குடா என்ற ஊர் இருக்கிறது. ஊர்ப்பெயர்களை யாரும் சும்மா வைப்பதில்லை என்று அந்த நேரம் பார்த்து நினைவு வந்தது. அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், இவ்வளவு வேகமாக நான் எதையும் திருகியதில்லை. ஏறி மிதித்ததும் வண்டி ஒரு முனகலோடு மேலே போய்விட்டது, வழியில் ஒன்றும் இல்லாதது போல.

ஜீப் பிறந்ததே முழு எக்சிலோடுதான். இரண்டாம் உலகப் போரில் வில்லீஸ் ஜீப்புக்கு முன்னும் பின்னும் வில்லுப்பட்டையும் முழு எக்சிலும்தான். 1944-ல் மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியத் தலைமையகத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்தபோது இந்தத் தீவு அந்த ஜீப்புகளை வேண்டிய மட்டும் பார்த்தது. இன்றைக்கும் எங்கள் தமிழில் நாலு சில்லும் இழுக்கிற எல்லாமே ஜீப்தான். கொம்பனிகள் ஒவ்வொன்றாக அந்த அச்சைக் கைவிட்டன. மெர்சிடிஸின் ஜி வகை 2018-ல் முன் எக்சிலை விட்டது. லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 2020-ல் புதிதாக வந்தபோது முன்னும் பின்னும் கைகளோடு வந்தது. சுசுகி ஜிம்னியும் ஜீப் ராங்லரும் பிடிவாதமாக நிற்கின்றன. கொம்பனிகளைக் குறை சொல்லவும் முடியாது. எக்சில் முழுவதும் ஸ்பிறிங்குக்குக் கீழே கிடக்கும் பாரம். அது குதித்தால் வண்டியும் குதிக்கும். வாங்குகிறவர்களில் எத்தனை பேர் தாம்போதி கடக்கிறார்கள்?

மச்சானின் வயல் வாடியில் எருமைத் தயிர் காத்திருந்தது. முட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். மேலே சீனிப்பாணி. அதைப் பற்றி ஒரு தனிக் கட்டுரை எழுதும் எண்ணம் இருப்பதால் இங்கே இவ்வளவோடு விடுகிறேன். வாடிக்குப் பின்னால் இரண்டு பேர் யானை வேலிக்குக் கட்டை நட குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு வயதானவரின் கையில் இருந்த அலவாங்கு வழக்கத்தைவிட மெல்லிதாக, ஆனால் மண்ணில் குத்தும்போது மணி போல ஒலித்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். மேல் நுனியைச் சுற்றி நுணுக்கமான பல் வரிசை. டார்ஷன் பார்! வண்டியில் இருந்து கழன்றதைக் கொல்லனிடம் கொடுத்து நுனியைக் கூராக்கியிருக்கிறார்கள்.

"நல்ல இரும்பு மனே. கல்லில பட்டாலும் வளையாது" என்றார் அவர். பாதி வாழ்க்கை முறுக்குண்டே கிடந்த கம்பி.

ஆயித்தியமலை வழியாகத் திரும்பினோம். கிரவல் றோட்டு அலையலையாகக் கிடந்தது. அங்கே இந்த எக்சிலோடு எனக்கு மனஸ்தாபம் வந்தது. கல் ஒன்று இடப்பக்கச் சில்லில் பட்டால் வலப்பக்கமும் சேர்ந்து அதிர்கிறது, பல் கிட்டித்துப்போகிறது. 40-க்கு மேல் மச்சான் போகவில்லை. என் ஜீப்பில் இந்த றோட்டை 60-ல் பாட்டுக் கேட்டுக்கொண்டு கடந்திருப்பேன். வலையிறவுப் பாலத்துக்கு வரும்போது இருட்டிவிட்டது. வாவியில் விளக்கு வைத்த தோணிகள் சிதறிக் கிடந்தன. பாடும் மீன் கேட்குமா என்று நான் காதைக் கொடுத்தேன். கேட்டது என் காதுக்குள்ளேயே இருந்த கிரவல் இரைச்சல்.

காலையில் வண்டி நானாவிடம் திரும்பிப் போனது. தண்ணீரில் இறங்கிய பிறகு நக்கிளைத் திறந்து பார்ப்பது அவர் கட்டளை. எக்சிலின் இரு நுனியிலும் தேங்காய் அளவில் ஓர் இரும்புக் கோளம். அதற்குள் கிரீஸில் மூழ்கியபடி ஜொயின்ட் இருக்கிறது. ரப்பர் பூட் இல்லை; கோளத்தைச் சுற்றி ஒரு துடைப்பு சீல் மட்டும். நானா போல்ட்டுகளைக் கழற்றி விரலை உள்ளே விட்டு எடுத்தார். இடப்பக்கத்தில் கரும் கிரீஸ் அப்படியே இருந்தது. வலப்பக்கத்தில் சாம்பல் நிறக் கூழ். எக்சில் குழாயின் உட்புற சீல் கசிந்து, டிஃப் எண்ணெய் கிரீஸோடு கலந்து கரைந்திருந்தது. விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்தார்.

"தண்ணி இல்ல. எண்ணெய்தான். சீல் ஒண்டு போடணும். தண்ணியெண்டா பால்தேத்தண்ணி மாதிரி வரும்."

தண்ணீர் ஏன் வரவில்லை என்பதற்கு அவரிடம் பெருமையான பதில் இருந்தது. ஓடிச் சூடான எக்சில் திடீரென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கும். சுருங்கினால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். எக்சிலின் மூச்சுக்குழாயில் ஒரு ரப்பர் ஹோஸை மாட்டி எஞ்சினுக்குப் பக்கத்தில் உயரமாகக் கொண்டுபோய்க் கட்டிவிட்டார். உறிஞ்சுவதென்றால் அங்கேயிருந்து காற்றை உறிஞ்சட்டும். மொத்தம் ஒரு முழ ஹோஸ், ஒரு கிளிப். மூன்று மாத வேலையில் மலிவானது அதுதான்.

"அப்ப என்ர ஜீப்பை எப்ப கொண்டு வாறது நானா?" என்று கேட்டேன்.

அவர் கையைப் பழைய துணியில் துடைத்துக்கொண்டே யோசித்தார். "வருசத்தில எத்தனை நாள் தம்பி வயலுக்குள்ள இறங்குவீங்க?"

உண்மையைச் சொன்னேன். வருடத்துக்கு இரண்டு தடவை. மிச்ச நாள் ஏ-9 வீதி.

"அப்ப எதுக்குத் தம்பி சேஸியை வெட்டுற? முறுக்கி வச்ச கம்பியை இறக்கிப் பழைய உயரத்துக்கு விடுங்க. புது பூட் ரெண்டு போடுங்க. சேறு கண்டா நின்று யோசிங்க." ஒரு வேலையைக் கையால் தள்ளிவிட்டு அடுத்த வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மச்சான் கராஜின் மூலையில் கிடந்த மற்ற டார்ஷன் பாரைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணிக்குக் கொண்டு போ, தென்னம்பிள்ளை நடக் குழி தோண்டலாம்" என்று தந்தான். யாழ்ப்பாண பஸ்ஸில் அதைச் சீற்றுக்கடியில் தள்ளப் பார்த்தேன். நீட்டிக்கொண்டு நின்று எல்லாருடைய காலிலும் இடித்தது. கண்டக்டர் வந்து குனிந்து பார்த்தார்.

"என்ன சேர் இது?"

"சஸ்பென்ஷன்" என்றேன்.

அவர் பஸ்ஸின் அடியைக் காட்டி, "இங்கயும் ஒண்டு தேவைதான்" என்று சொல்லிவிட்டு ரிக்கற் கிழித்தார். ஏறாவூர் வரும் முன்பே அவர் சொன்னது விளங்கிவிட்டது.